நோன்பு முகம்

பிப்ரவரி 26, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாகக் கண்ணில் சொட்டு விட்டேன். பாய் சுருட்டுவதற்கும் முன்னால் அதுதான். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, கண்ணுக்கு ஒன்று. பிறகு மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு கண்மூடி உட்கார வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் கொஞ்ச நேரத்தில் கசப்பு தொண்டைக்கு வந்துவிடுகிறது. இந்தச் சொட்டு காலை, மதியம், மாலை. ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் இன்னொன்று படுக்கும்போது. எல்லோருக்கும் கொடுக்கும் சொட்டு இழுப்பு இருப்பவர்களுக்கு ஆகாது என்று டாக்டரம்மா எனக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவை இவை. கண்ணில் அழுத்தம், நெஞ்சில் இழுப்பு. ஒன்றுக்குக் கொடுப்பதை இன்னொன்றிடம் கேட்டுக் கொடுக்க வேண்டிய உடம்பு.

ரமலானுக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மூன்று வருடமாக நான் நோன்பு வைக்கவில்லை. இந்த வருடம் முடியுமா என்று பார்க்க, விட்டுப்போன பழைய நோன்புகளில் ஒன்றை இன்று வைத்துப் பார்த்தேன். மதியம் சொட்டு விடவில்லை. கசப்பு தொண்டையில் இறங்கினால் நோன்பு என்ன ஆகும் என்று தெரியவில்லை. சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது இழுப்பு பிடித்துக்கொண்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடப்பிறந்த காக்காவின் மகள் அஃப்ரீன்தான் ஓடிவந்து இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். மதினி ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தார்.

"எதுக்கு மஹ்மூதா இந்தப் பாடு? ரப்பு உனக்கு ரோகத்தக் குடுத்திருக்கான். உன்ட்ட நோம்ப யாரு கேக்கா? நீ சீக்காளி, சாப்பிடு."

ஜுலைகா மதினி கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் சொன்னார். காக்கா வீட்டில் எனக்கு ஒரு அறை கொடுத்து பதினான்கு வருடம் வைத்திருப்பவர். ஆனால் சீக்காளி என்ற அந்தச் சொல்லை அவர் தயிர் ஊற்றுவது போல் எளிதாக ஊற்றிவிடுகிறார். ரமலானில் வீடே பசித்திருக்க, நான் மட்டும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாத்திரம் சத்தம் போடாமல், முந்தின நாள் சோற்றைத் தின்ன வேண்டும். மூன்று வருடம் தின்றேன்.

மார்ச் 1, புதன்

பள்ளி விட்டு வரும்போது அசன் மெடிக்கலில் இறங்கினேன். அசன் என்னிடம் பத்தாவது படித்தவன். இப்போது தாடி வைத்துக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான்.

"இழுப்பு வராம நாள் முழுக்கத் தாங்குற மாதிரி ஏதாவது இருக்கா அசன்?"

"நோம்புக்கா ராத்தா? இருக்கே. விடியுமுன்ன சஹர்ல ரெண்டு போடுங்க. மறு சஹர் வரைக்கும் மூச்சு விடுறதே தெரியாது."

"மூச்சு விடுறதே தெரியலன்னா மவுத்தாயிட்டேன்னுல்லா அர்த்தம்?"

"உங்கள்ட்ட பேசி ஜெயிக்க முடியுமா? ராத்தா, சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா?"

இல்லை என்றேன். கண்ணைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பட்டையைக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்தான். சின்ன வெள்ளை மாத்திரை. பெயர் அச்சிட்டிருந்த பக்கம் அவன் கத்தரியிலேயே தங்கிவிட்டது.

"என்ன மாத்திரை இது?"

"அலர்ஜி மாத்திரதான். ஊர்ல பாதிப் பேரு இதுலதான் நோம்பு வைக்காங்க."

ஊசியோ, மாத்திரையோ, களிம்போ, மூக்கில் அடிப்பதோ, புதிதாக எது எடுத்தாலும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. ஒரு அலர்ஜி மாத்திரைக்கு அவரைத் தொந்தரவு செய்வானேன்.

மார்ச் 5, ஞாயிறு

மாத்திரை போடத் தொடங்கி நான்கு நாள். ஈரத்துணி வாளியோடு மாடிக்கு ஏறினேன். நடுவில் நிற்கவில்லை. மேலே போய்த்தான் நிற்கவில்லை என்பதையே கவனித்தேன்.

மார்ச் 14, செவ்வாய்

கண் பார்க்க பத்தாம் தேதி போயிருக்க வேண்டும். பரீட்சைக் கூட மேற்பார்வை வேலை வந்துவிட்டது. ரமலான் முடிந்து போய்க்கொள்ளலாம்.

உடம்பு வேறு உடம்பாகிவிட்டது. நெஞ்சுக்குள் யாரோ சன்னலைத் திறந்து வைத்தது போல் இருக்கிறது. காலையும் மாலையும் இழுக்க வேண்டிய இன்ஹேலரைக்கூட நிறுத்திவிட்டேன், தேவைப்படவில்லை. நன்றாகப் பசிக்கிறது. தூக்கம்தான் குறைந்துவிட்டது. இருபத்தைந்து வயதில் நான் இப்படி இருந்திருந்தால் சாதிக் என்னோடு இருந்திருப்பாரா என்று சோறு வடிக்கும்போது நினைத்தேன். தலாக் சொன்ன அன்று அவர் கோபப்படவில்லை. "ஆஸ்பத்திரியில குடும்பம் நடத்த என்னால முடியாது" என்றுதான் சொன்னார். காக்காவிடம், எனக்கு எதிரில்.

அஃப்ரீனுக்கு இடம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை துபாயில் இன்ஜினியர். மே ஏழாம் தேதி நிக்காஹ். மாப்பிள்ளையின் உம்மாவும் பெண்களும் ஒருநாள் நோன்பு திறக்க வருகிறார்கள். மதினி என் அறை வாசலில் நின்று, சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னார்:

"அந்தக் கண்ணு மருந்து ஃப்ரிட்ஜுல முன்னாடியே நிக்கி. வாரவங்க தண்ணி எடுக்கத் தொறந்தா கண்ணுல படும். வாப்பாவுக்கு வந்தது, மகளுக்கு வந்தது, அடுத்து பேத்திக்கும்னு கணக்குப் போடுவாங்க. நீ தப்பா நெனைக்காத."

நான் தப்பாக நினைக்கவில்லை. கணக்கு சரிதான். வாப்பா கடைசி ஆறு வருடம் எங்களைக் காலடிச் சத்தத்தில் அடையாளம் கண்டார். ஊருக்கு நாங்கள் சொன்னது சர்க்கரை வியாதி. காக்காவையும் பிள்ளைகளையும் ஒருமுறை கூட்டிவரச் சொல்லி டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் சொல்கிறார். காக்கா ஒவ்வொரு முறையும் "பாப்போம்" என்கிறார்.

மார்ச் 24, வெள்ளி

முதல் நோன்பு. அல்ஹம்துலில்லாஹ்.

அசன் மாத்திரை இரண்டு. காலைச் சொட்டு சஹரிலேயே. மதியச் சொட்டு கிடையாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்கலாம்தான். கேட்டால் இரண்டில் ஒன்று சொல்வார். சொட்டு விட்டால் நோன்பு முறியாது என்பார், அல்லது நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பார். அந்த இரண்டாவது பதிலை இன்னொரு ஆண் வாயிலிருந்து கேட்க எனக்குத் தெம்பில்லை.

நோன்பு திறக்க எல்லோரோடும் விரிப்பில் உட்கார்ந்தேன். காக்கா பேரீச்சம்பழத்தை என் பக்கம் தள்ளி, "நீயுமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். கஞ்சிக் கிண்ணத்தைக் குனிந்து குடித்தேன். அழுதது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆவி அடிக்கும்போது கண்ணில் நீர் வருவது சகஜம்.

மார்ச் 30, வியாழன்

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து போனார்கள். ஐந்து பேர். சமோசா போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கினோம்.

மாப்பிள்ளையின் உம்மா பருத்த, சிரித்த முகம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மாவா? உடம்புக்கு முடியாதவங்கன்னு யாரோ சொன்னாங்க. மாஷா அல்லாஹ், முகத்தப் பாருங்க, பதினாலாம் பிறை கணக்கா! எங்களுக்கெல்லாம் நோம்புல கன்னம் ஒட்டிப்போவுது, உங்களுக்கு மட்டும் ஊதுதே, எந்தக் கடைக் கஞ்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மதினிகூடப் பெருமையாகச் சொன்னார்: "மனசுல நிய்யத் சுத்தமா வச்சா ரப்பு முகத்துல காட்டிருவான்."

பேச்சு வாப்பா பக்கம் வந்தது. "அவுகளுக்குக் கண்ணு தெரியாமப் போச்சாமே?" என்றார் அந்த அம்மா. மதினி என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், "சக்கரைல போச்சு."

அவர்கள் போனபின் சொட்டு மருந்தைத் தேடினேன். மதினிக்கும் எங்கே வைத்தோம் என்று நினைவில்லை. கடைசியில் அரிசி மாவு டின்னுக்குள் இருந்தது. துடைத்து விட்டுக்கொண்டேன்.

கண்ணாடியில் பார்த்தேன். முகம் உண்மையிலேயே உருண்டிருக்கிறது. கன்னம் இளம் சிவப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக என்னை அழகு என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 3, திங்கள்

டியூப் லைட்டைச் சுற்றி வானவில் போல ஒரு வளையம். அடுக்களையில் பொரிக்கும் புகை வீடு முழுக்க நிற்கிறது. காக்காவிடம் சொல்லி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 7, வெள்ளி

கஞ்சிச் சட்டியோடு வரும்போது கதவு நிலையில் தோள் இடித்துச் சட்டி சாய்ந்தது. யாருக்கும் சுடவில்லை. அஃப்ரீன், "மாமி, கதவு அங்கயேதான நின்னுச்சு, நீங்கதான் அதப் பாத்துப் போனீங்க" என்று சிரித்தாள். பாதிக் கதவை யாரோ சாத்தி வைத்திருந்தார்கள்.

இரண்டு நாளாகப் புருவத்துக்கு மேல் வலி. நோன்பில் தேநீர் இல்லாமல் எல்லோருக்கும் வருவதுதான்.

ஏப்ரல் 11, செவ்வாய்

இதை எழுதத்தான் வேண்டும்.

பிளஸ் ஒன் விடைத்தாள் திருத்தும் முகாம் நேற்றுத் தொடங்கியது. உயிரியல் விலங்கியல் எங்களுக்கு. எங்கள் மேசையில் திருத்திய தாள்களைச் சரிபார்ப்பது ஜெபக்கனி டீச்சர். என்னோடு ஒரே கல்லூரியில் படித்தவள். எப்போதும் வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டிருப்பாள். நான் நோன்பு என்பதால் நேற்று முதல் அதையும் துப்பிவிட்டு உட்கார்கிறாள்.

காலையில் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏ மஹ்மூதா, இந்தப் பிள்ள உனக்கு என்ன துரோகம் செஞ்சா? பக்கத்து உச்சியில ரெண்டு விடை எழுதியிருக்கா. ஒண்ணுலயும் உன் பேனா படல."

பார்த்தேன். இருந்தது. நீல மையில், தெளிவாக. மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தாளோடு வந்தாள். அதற்கப்புறம் இன்னொன்று. மூன்றாவது முறை அவள் கிண்டல் செய்யவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாமே மேல் பாதிதான் விடுத" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தலைவலி. நோம்பு."

"நோம்பு எனக்கும் தெரியும். நான் பொரிக்கடலையும் தின்னாம லெந்து நோம்பு இருந்தவதான்."

மதியத்துக்கு மேல் நாளமில்லாச் சுரப்பிக் கேள்வி. எந்த ஊர்ப் பிள்ளையோ, நுணுக்கி எழுதியிருந்தாள். கார்டிசோல் அளவு கூடினால் முகம் நிலா போல் உருண்டையாகும், கன்னம் சிவக்கும், பசி கூடும், தூக்கம் குறையும், ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுத்தாலும் இதே நிலை வரும். முழு மதிப்பெண் போட்டேன். அடுத்த தாள். அதே கேள்வி, அதே விடை. அடுத்த தாள். ஒரே வகுப்பு, ஒரே டீச்சர் சொல்லிக்கொடுத்த வரிகள். முகம் உருண்டையாகும். கன்னம் சிவக்கும். நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக்கொடுக்கும் அதே வரிகள். சரி, சரி, சரி என்று போட்டுக்கொண்டே வந்து நடுவில் பேனாவை வைத்துவிட்டேன்.

கழிவறைக்குப் போய் இடது கண்ணைக் கையால் பொத்தினேன். வலது கண்ணுக்கு எதிரே கண்ணாடி இருந்தது. அதில் என் வாய் இருந்தது. வாய்க்கு மேல் ஒன்றும் இல்லை. கறுப்பாகக்கூட இல்லை. இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 12, புதன்

முகாமில் விடுப்புச் சொல்லிவிட்டு பாளையங்கோட்டைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டில் முகாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மா தாடையை வைக்கச் சொல்லி, நீல விளக்கைக் கண்ணருகே கொண்டுவந்து அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார். வலது நாற்பத்திரண்டு, இடது முப்பத்தெட்டு. டிசம்பரில் இரண்டும் பதினைந்துக்குப் பக்கத்தில் இருந்தன.

"டீச்சர், புதுசா என்ன மருந்து எடுத்தீங்க?"

காகித உறையை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் போட்டுப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். முகத்திலேயே பதில் இருந்தது அவருக்கு.

"எத்தன நாளா?"

"மார்ச் ஒண்ணுலேருந்து. அலர்ஜி மாத்திரைன்னு குடுத்தான்."

"நீங்க பயாலஜி டீச்சர்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். "கண்ணுக்குள்ள ஒரு தண்ணி சுரந்துகிட்டே இருக்கும், ஒரு வலை வழியா வடிஞ்சிகிட்டே இருக்கும். ஸ்டீராய்டு அந்த வலைய அடைக்கும். எல்லாருக்கும் இப்படி ஏறாது. ஏற்கெனவே உங்கள மாதிரி நோய் இருக்கறவங்களுக்கு ஏறும். அவங்க ரத்த சொந்தத்துக்கும் ஏறலாம். வலியே இல்லாம ஏறும். மதியச் சொட்டாவது ஒழுங்கா விட்டீங்களா?"

"நோம்பு."

"உங்க ஊர் ஹஜ்ரத் ஒருத்தர் என்கிட்டதான் காட்டறார். நோம்போடதான் வர்றார், இந்த நாற்காலியில உக்காந்து சொட்டு விட்டுட்டுதான் போறார். கேட்டிருக்கலாமே டீச்சர்."

வலது கண்ணில் போனது போனதுதான் என்றார். இனி இடது கண்ணைக் காப்பாற்ற வேண்டும். அதிலும் மேல் ஓரம் தேய ஆரம்பித்துவிட்டது. மாத்திரையை இன்றே தூக்கி எறிந்துவிடுகிறேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு வாரம் எடுத்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காதாம். நெஞ்சு டாக்டரிடம் அவரே போனில் பேசினார். படிப்படியாகக் குறைக்க வேண்டும். இன்ஹேலரை மறுபடி ஆரம்பிக்க வேண்டும், அதில் இருப்பது கொஞ்சம்தான், கண்ணைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். அழுத்தம் குறைய வேறு மாத்திரை, வேறு சொட்டு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நோன்பு கூடாது. திங்கள்கிழமை மறுபடி பார்த்து, இறங்கவில்லை என்றால் இடது கண்ணில் ஆபரேஷன்.

கண்ணைக் கெடுக்கும் மாத்திரையை, கண் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே, நாளைக் காலையும் விழுங்க வேண்டும்.

பஸ்ஸில் ஏறும்போது படி இருக்கும் என்று நினைத்த இடத்தில் இல்லை. கண்டக்டர், "பாத்து ஏறும்மா, பாத்து" என்றார்.

ஏப்ரல் 13, வியாழன்

வீட்டில் சொன்னேன். காக்கா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். மதினி உட்காரவே இல்லை.

"எந்தக் கண்ணு?" என்றார் காக்கா.

"வலது போச்சு. இடதுக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கும்."

காக்காவின் முகம் வாடிவிட்டது. வாப்பாவைக் கைப்பிடித்துப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போனவர் அவர்தான். வாயைத் திறந்தார். அதற்குள் மதினி:

"நிக்காஹ் முடியட்டும் மஹ்மூதா. பெருநாள் கழிஞ்சா ரெண்டு வாரந்தான். மாப்பிள வீட்டாளுக பெருநாளுக்கு வருவாங்க, சீர் கொண்டாந்து வைப்பாங்க. நீ கண்ணுல கட்டோட உக்காந்திருந்தா என்ன ஏதுன்னு கேக்க மாட்டாங்களா? அன்னிக்கு நீதான அவங்கள்ட்ட சக்கரைன்னு சொன்ன?"

"அதுவரைக்கும் கண்ணு காத்திருக்குமா மதினி?"

"உனக்கு ஒரு கண்ணு. அவளுக்கு வாழ்க்கை." சொன்னதும் அவரே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். "அல்லாவே, நான் அப்படிச் சொல்லல."

சொன்னார். சொன்னதில் தப்பும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் மனதுக்குள் சொல்லியிருப்பேன், இவர் வெளியே சொல்லிவிட்டார்.

காக்கா எழுந்து தொழப் போனார்.

ஏப்ரல் 15, சனி

அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். தின்றதும் இரண்டு தம்ளர் தண்ணீர். இந்த எழுத்து கோட்டுக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்று தெரியவில்லை. விரலை வைத்து எழுதுகிறேன்.

முகம் இன்னும் இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் வந்து, "டீச்சர் முகத்துல நோம்பு ஜொலிக்கி" என்றாள். தின்ற வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

அசன் கடைக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். போனால் அவன் என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். நீங்க கண்ணப் பத்தி சொல்லலையே ராத்தா என்பான்.

ஏப்ரல் 17, திங்கள்

இடது கண் இருபத்தொன்பது. இறங்கியிருக்கிறது, போதாது. இவ்வளவு தேய்ந்த நரம்புக்கு இதுவும் அதிகம். வியாழக்கிழமை காலை ஆபரேஷன் என்றார் டாக்டரம்மா. கண்ணின் ஓரத்தில் சின்னதாக ஒரு புது வடிகால் செய்வார்களாம். கண்ணை மரத்துப்போகச் செய்துதான், முழு மயக்கம் வேண்டாம். பார்வை கூடாது. இருப்பது நிற்கும், அவ்வளவே.

"நிக்காஹ் முடிஞ்சு வரட்டுமா டாக்டர்? மே ஏழு."

"மே ஏழாம் தேதி மாப்பிள்ளை முகத்த நீங்க பாக்கணுமா வேண்டாமா?"

கூட யார் வருவார்கள் என்று கேட்டார். துணை இல்லாமல் செய்ய மாட்டார்களாம். ஜெபக்கனி பெயரைச் சொன்னேன். அவளிடம் போனில் கேட்டதும், "முகாம் முடிஞ்சாச்சு, நான் சும்மாதான் கெடக்கேன். உன் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கிடுதேன், நீ என்ன மிதிக்காம இறங்கினா போதும்" என்றாள். வீட்டில் சொல்லவில்லை.

மாலையில் சொட்டு இமையில் விழுந்து கன்னத்தில் வழிந்துகொண்டே இருந்தது. அஃப்ரீன் பார்த்துவிட்டு, "இப்படிக் குடுங்க மாமி" என்று குப்பியை வாங்கிக்கொண்டாள். என் தலையைத் தன் மடியில் சாய்த்து, மேலே குனிந்தாள். இடது கண்ணுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் அவள் முகம். மிச்சமிருக்கும் பார்வை முழுதும் அவள் முகத்திலேயே நின்றது. நல்ல நிறம். அவளுக்கு இல்லாத நிறம். இமையில் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து பளபளத்தது. உள்ளே சிவப்பு நரம்புகள் நூல் நூலாகத் தெரிந்தன.

"கண்ணச் சுத்தி என்ன போடுத?"

"க்ரீம் மாமி. கருவளையம் போறதுக்கு. அசன் காக்காட்ட வாங்கினது, ரெண்டு ட்யூப் குடுத்து, கலந்து போடச் சொன்னாங்க. நல்லாத் தெளிஞ்சிருக்குல்லா? அசையாதீங்க, மருந்து வழியுது."

"எவ்வளவு நாளா?"

"இடம் பேசினதுலேருந்து. ரெண்டு மாசம் இருக்கும்."

மருந்து வழியவில்லை.

ஏப்ரல் 19, புதன்

அந்த ட்யூபுகளில் ஒன்றை நேற்று அவள் மேசையிலிருந்து எடுத்து, கண்ணாடி வில்லை வைத்துப் படித்தேன். இந்த முறை பெயர் இருந்தது. அசன் என்னிடம் கத்தரித்துத் தராத பெயரின் ஒன்றுவிட்ட தம்பி, இன்னொரு ஸ்டீராய்டு.

மதினியிடம் சொன்னேன். அஃப்ரீனுக்கும் ஒருமுறை அழுத்தம் பார்த்துவிடுவோம், ஐந்து நிமிட வேலை, வலிக்காது, ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம் என்றேன். மதினி புளி கரைத்துக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே சொன்னார்: "ஒண்ணும் இல்லாம இருந்தா எதுக்குப் பாக்கணும்? இருந்தா இப்ப எதுக்குப் பாக்கணும்?"

"க்ரீமயாவது நிறுத்தச் சொல்லுங்க."

"கலியாணத்துக்கு மூணு வாரம் கெடக்கு, இப்ப நிறுத்தினா முகம் திரும்பக் கறுத்துரும். முடிஞ்சதும் நிறுத்திருவா." சக்கையைப் பிழிந்துவிட்டு, "உன் கண்ணு போனதுக்கு என் பிள்ள கண்ணுலயும் நோயத் தேடாத மஹ்மூதா" என்றார். குரல் உடைந்திருந்தது. அவருக்கும் தெரிகிறது. தெரிவதால்தான் பார்க்க மறுக்கிறார். இதை என்னைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்?

அஃப்ரீனிடம் நானே க்ரீமைப் போடாதே என்றேன். "சரி மாமி" என்றாள். இன்று காலையிலும் இமை பளபளத்தது.

பகல் முழுக்க யோசித்தேன். நிக்காஹ் நின்றுபோனால் என்னால்தான் நின்றது என்பார்கள். பதினான்கு வருடம் இருந்த அறை எனக்கு இல்லாமல் போகும். அவள் கண் நன்றாகவே இருந்து, சேதி மட்டும் வெளியே போனாலும் அதே கதிதான். அஃப்ரீனே என்னை வெறுக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடியும். அவளுக்கு ஒரு முப்பத்தைந்து, நாற்பது வயதில், துபாயிலோ எங்கோ, ஒருநாள் கண்ணாடியில் பாதி முகம் இல்லாமல் போகும்வரை.

அவளுக்கு இருபத்து நான்கு வயது. எம்.காம். முடித்தவள். அவள் கண்ணைப் பற்றி அவளிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. வாப்பாவுக்கு வந்தது சர்க்கரை என்றுதான் அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நாளை காலை ஏழு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று பொய் சொல்லி அவளைக் கூட்டிப்போக மாட்டேன். ஆட்டோவில் ஏறுவதற்கு முன் எல்லாவற்றையும் சொல்வேன். அவள் தாத்தாவுக்கு வந்தது என்ன, எனக்கு வந்தது என்ன, நான் போட்ட மாத்திரையும் அவள் போடும் க்ரீமும் ஒரே சாதி என்பது. எனக்குத் துணை வேண்டும் என்பேன். அதே நாற்காலியில் நீயும் தாடையை வைக்க வேண்டும் என்பேன். வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் ஜெபக்கனியோடு போவேன். ஆனால் தெரியாமல் இருந்தாள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

காக்கா தொழுதுவிட்டு வந்து, "கண்ணு எப்படி இருக்கு?" என்று வாசலில் நின்று கேட்டார். பரவாயில்லை என்றேன். மதினி வெளியிலிருந்து கஞ்சிக்கு இஞ்சி இருக்கிறதா என்று குரல் கொடுத்தார். இருக்கிறது என்றேன். அஃப்ரீன் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். துணைக்கு வருபவர் பெயரை மாற்ற வேண்டும் என்றேன். அந்தப் பெண் புதுப் பெயரைக் கேட்டாள். நோயாளிக்கு என்ன உறவு என்றும் கேட்டாள்.

"ரத்த சொந்தம்" என்றேன்.